பழியெல்லாம் பேட்டரிக்கு

செல்ஃப் பட்டனை அழுத்தினால் வண்டி நான்கு விதமாகப் பதில் சொல்லும். ஒன்று, மூச்சே வராது. இரண்டு, ‘டிக்’ என்று ஒரே சத்தம், அதோடு சரி. மூன்று, ‘டிக்டிக்டிக்டிக்’ என்று விடாத படபடப்பு. நான்கு, உள்ளே மோட்டார் மட்டும் ‘ஙொய்’ என்று சுற்றும், இன்ஜின் அசையாது. நான்குக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஆனால் திருச்சியில் ஏதாவதொரு பட்டறை வாசலில் நின்று இதில் எதைச் சொன்னாலும் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்: “பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க.”

நானும் மாற்றினேன். பதினான்கு மாதத்தில் இரண்டு முறை. எனக்கு வீடு ஸ்ரீரங்கம், வேலை தில்லைநகர். மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், சிந்தாமணி அண்ணா சிலை என்று தினமும் ஆறேழு கிலோமீட்டர் போக, அதே தூரம் வர. 1976இல் திறந்த அந்தப் பாலத்தின் நட்டநடுவில் ஒரு மழை மாலையில் வண்டி நின்றது. நடுப்பாலத்தில் நிற்பதில் உள்ள ஒரே வசதி, எந்தக் கரைக்குத் தள்ளினாலும் தூரம் ஒன்றுதான். மூன்றாவது பேட்டரிக்கும் விலை சொன்ன கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு, பாலக்கரைப் பக்கம் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன்.

“பேட்டரிய அப்பறம் பாப்போம் தம்பி. மொதல்ல சீட்ட கழட்டுங்க.”

அவரிடம் இருந்தது முனைகளில் டேப் சுற்றிய ஒரு பழைய மல்டிமீட்டர். இன்ஜினை ஓடவிட்டு பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தார். 12.9 காட்டியது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். 13.0. ஹெட்லைட் எரிய, பிரேக்கையும் மிதிக்கச் சொன்னார். 12.6க்கு இறங்கியது. “சார்ஜே ஏறல. புது பேட்டரில கடைக்காரன் ஏத்திக் குடுத்தத இத்தன நாளா செலவு பண்ணிக்கிட்டிருக்கீங்க” என்றவர், பக்கவாட்டு மூடிக்குள் கையைவிட்டு ஒரு கப்ளரைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை பிளாஸ்டிக்கின் ஒரு ஓரம், கல்லில் மறந்துவிட்ட தோசையின் விளிம்பு மாதிரி பழுப்பேறிக் குழைந்திருந்தது. மூன்று மஞ்சள் வயர்களில் ஒன்றின் முனை கருகியிருந்தது. முகர்ந்தால் மீன் தீய்ந்த வாடை. “காயில் குடுக்குது. வாங்குற கை சுட்டுப்போச்சு.” கருகியதை வெட்டி, புது கப்ளர் போட்டு, மறுபடி அளந்தபோது 14.2. செலவு, ஒரு பேட்டரி விலையில் கால்வாசிகூட இல்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் பித்துப் பிடித்த மாதிரிப் பார்த்துக்கொண்டு வருகிறேன். செல்ஃப் எடுக்காத வண்டிக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். பேட்டரி மட்டம், ஹெட்லைட் எப்போதும் எரிகிறது, குறைந்த தூரம் ஓட்டுகிறீர்கள், வெயில், மழை, எலி, புது மாடல் வண்டியே இப்படித்தான். இவற்றில் எது எவ்வளவு தேறும் என்பதுதான் கேள்வி.

முதலில் அடிப்படை. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த விதிதான் இன்றைக்கும் வண்டிக்குள் சுற்றுகிறது: காந்தம் கம்பிச்சுருளருகே அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் காந்தச் சக்கரத்தை மெக்கானிக்குகள் ‘மேக்னட்’ என்பார்கள். அதற்குள் அசையாமல் இருக்கும் சுருள்கள் ‘காயில் பிளேட்’. அங்கே பிறப்பது மாறுதிசை மின்சாரம். அது ‘ஆர்.ஆர். யூனிட்’ (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) என்ற விசிறிமடிப்பு அலுமினியப் பெட்டிக்குள் போய் நேர்திசையாகிறது, வோல்டேஜும் கட்டுக்குள் வருகிறது. பிறகு பேட்டரி. பேட்டரியின் ஈயமும் அமிலமும் 1859இல் காஸ்டோன் பிளாண்டே செய்ததன் வழிவந்தவைதான்.

ஆர்.ஆர். யூனிட் என்ன செய்கிறது என்பதைத் திருச்சிக்காரனுக்கு விளக்க முக்கொம்பைக் காட்டினால் போதும். 1836–38இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் வேலை, காவிரிக்கு வேண்டிய தண்ணீரை நிறுத்தி, மிஞ்சியதைக் கொள்ளிடத்தில் தள்ளுவது. நம்மூர்ச் சின்ன வண்டிகளில் பெரும்பாலானவற்றின் ரெகுலேட்டரும் அதைத்தான் செய்கிறது. பேட்டரிக்கும் விளக்குக்கும் போதுமானது போக மிஞ்சிய மின்சாரத்தைக் குறுக்கே வழியமைத்துத் திருப்பிவிடுகிறது. 2018 ஆகஸ்டில் மேலணையின் கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போனபோது, காவிரிக்குப் போகவேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தில் ஓடியது. ரெகுலேட்டருக்குள் அந்தத் திருப்பிவிடும் பாகம் எப்போதும் திருப்பிவிட்டபடியே சிக்கிக்கொண்டாலும் அதே கதை: காயில் நன்றாகக் கொடுக்கும், பேட்டரிக்கு ஒன்றும் வராது. மாறாக, திருப்பிவிடாமலே செத்துவிட்டால் வெள்ளம் பேட்டரிக்குள் பாயும். மீட்டரில் 15, 16 வோல்ட் தெரியும். பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் போகும். பேட்டரி கையில் சுடும், வயிறு உப்பும். உப்பிய பேட்டரியை மட்டும் மாற்றி அனுப்புகிற பட்டறை, அடுத்த பேட்டரிக்கும் அன்றே நாள் குறித்துவிடுகிறது.

இதில் எனக்கே ஆச்சரியமான ஒரு செய்தி உண்டு. ஹெட்லைட்டை அணைத்தால் காயிலுக்கு ஓய்வு என்று நினைத்திருந்தேன். இந்த வகை ரெகுலேட்டரில் அப்படி இல்லை. நாம் செலவழிக்காத மின்சாரமும் காயில் வழியாகவே சுற்றிவந்து சூடாகக் கழிகிறது. ஆகவே 35 வாட் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டால் சிக்னலில் பேட்டரிக்கு நல்லது. காயில் குளிர்ந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சங்கதியெல்லாம் யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டிருந்த காலத்தில், ஹெட்லைட் தலைக்கு மேலேயே ஒரு சின்ன ஆம்பியர் மீட்டர் இருக்கும். முள் நடுவில் இருந்தால் வரவும் செலவும் சமம். இடப்பக்கம் சாய்ந்தால் பேட்டரி காலியாகிறது. வலப்பக்கம் சாய்ந்தால் சார்ஜ் ஏறுகிறது. ஓட்டுகிறவர் கண்ணெதிரே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் மாமா ஒருவர் லால்குடியிலிருந்து வரும்போது அந்த முள்ளைப் பார்த்தே, “இன்னிக்கு சார்ஜ் கம்மிடா” என்பார். இன்றைய வண்டியின் முகப்பில் எரிபொருள், கியர், மைலேஜ், செல்போன் அழைப்பு எல்லாம் தெரிகிறது. பேட்டரி வோல்டேஜ் பல வண்டிகளில் தெரியாது. நோயறியும் கருவியை எடுத்துவிட்டு நோயாளியை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் மாறியது: முன்பு பேட்டரி இல்லாமலும் வண்டி ஓடும். 1985இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100க்கு இக்னிஷன் மின்சாரம் மேக்னட்டிலிருந்தே நேராக வரும். பேட்டரியைக் கழற்றிப் பரணில் போட்டாலும் ஓடும். ஹாரனும் இண்டிகேட்டரும்தான் வேலை செய்யாது. அந்தக் காலத்து நூறு சிசி வண்டிகள் பலவும் இப்படித்தான். 1984இல் வந்த கைனடிக் ஹோண்டா பட்டனைத் தொட்டதும் கிளம்பியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. காருக்கு அந்த வசதி 1912இலேயே, சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டரோடு கேடிலாக்கில் வந்துவிட்டிருந்தது. ஆனாலும் பக்கத்தில் கிக்கர் இருந்தவரை பேட்டரி நமக்கு விருந்தாளிதான். அது இல்லாமலும் வீடு நடந்தது.

அந்த நிலையை மாற்றியவை இரண்டு தேதிகள். 2017 ஏப்ரல் 1 முதல் விற்ற புது இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரியவேண்டும் என்றானது. அணைக்கும் ஸ்விட்ச்சே போய்விட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6. அதன் மாசுக் கட்டுப்பாட்டை எட்ட, பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. இனி பெட்ரோல் இறங்க பம்ப் சுற்றவேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். எவ்வளவு தெளிப்பது என்று கணக்கிடும் கம்ப்யூட்டருக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி முழுக்கச் செத்திருந்தால், ஸ்ரீரங்கம் ரயில்வே மேம்பாலச் சரிவில் தள்ளிவிட்டு இரண்டாம் கியரில் கிளட்ச்சை விடுகிற பழைய வித்தை பலிக்காது. பேட்டரியில் கொஞ்சம் உயிர் மிஞ்சியிருந்தால்தான் பம்ப் முனகும், வண்டியும் கிளம்பக்கூடும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. பல வண்டிகளில் கிக்கரையும் எடுத்துவிட்டார்கள்.

ஹெட்லைட் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிற கட்சி ஊரில் பலமாக இருக்கிறது. கணக்குப் போட்டால் பாதிதான் உண்மை. 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் இழுப்பது மூன்று ஆம்பியர் அளவு. சாலையில் ஓடும்போது இதைக் காயில் சிரமமில்லாமல் ஈடுகட்டும். அந்தச் சுமையை எண்ணித்தான் புது வண்டிகளின் காயிலையும் வடிவமைத்திருக்கிறார்கள். சிக்கல் ஐடிலிங்கில். அண்ணா சிலை சிக்னலில் நிற்கும்போது மேக்னட் மெதுவாகச் சுற்றுகிறது, வரவு குறைவு. ஹெட்லைட், மிதித்த பிரேக்கின் விளக்கு, இண்டிகேட்டர் என்று செலவு அப்படியே. அந்த ஒன்றரை நிமிடம் பேட்டரி கைக்காசு போடுகிறது.

‘கிட்ட கிட்ட ஓட்டினா பேட்டரி போயிரும்’ என்பதற்கும் ஒரு கணக்கு. சின்ன வண்டியின் செல்ஃப் மோட்டார் இழுக்கும்போது 50 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம், இரண்டு நொடி. அது ஒரு ஆம்பியரை நூறு நொடி எடுத்ததற்குச் சமம். அதாவது வண்டி ஓடும்போது உபரியாக ஒரு ஆம்பியர் ஏறினால்கூட, சேதாரம் சேர்த்து இரண்டு மூன்று நிமிடத்தில் கடன் அடைந்துவிடும். மாம்பழச்சாலையிலிருந்து பாலம் தாண்டுவதற்குள் கணக்கு நேர். ஆக, ஆரோக்கியமான வண்டியைக் குறைந்த தூரம் ஓட்டுவது குற்றமில்லை. தெருமுனைப் பால் பூத்துக்கு ஐந்து முறை ஸ்டார்ட் செய்து போய் வருகிற வண்டிதான் கடனாளியாகிறது.

இதைவிடப் பெரிய திருடன் நிற்கும் வண்டியில் இருக்கிறான். நூறு, நூற்றுப்பத்து சிசி வண்டிகள் பலவற்றில் பேட்டரி 3 ஆம்பியர்-ஹவர்தான். கடைத்தெருவில் மாட்டிய திருட்டு அலாரமோ ஜி.பி.எஸ். கருவியோ 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்றால், 150 மணி நேரத்தில், ஆறேகால் நாளில், பேட்டரி சுத்தம். ஒரு வாரம் கும்பகோணம் கல்யாணத்துக்குப் போய் வந்தால் வண்டி எடுக்காததற்கு இதுவே போதுமான காரணம். கண்டுபிடிக்கும் வழி: சாவியை அணைத்து, பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் இடையில் மல்டிமீட்டரை ஆம்பியரில் வைப்பது. ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் என்றால் பரவாயில்லை. இரண்டு இலக்கம் என்றால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கவேண்டும். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில் திருடன். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது மட்டும் தப்பித்தவறிக்கூட செல்ஃபைத் தொடாதீர்கள். மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும், மலிவு மீட்டர் என்றால் மீட்டரே போய்விடும்.

வெயிலுக்கு வருவோம். உலகம் முழுக்கப் பேட்டரி பற்றி எழுதப்படுகிற அறிவுரைகளில் பாதி குளிரைப் பற்றியவை. பேட்டரி மேல் அச்சிட்டிருக்கும் ‘சி.சி.ஏ.’ என்ற எண் மைனஸ் 18 டிகிரியில் அது எவ்வளவு தள்ளும் என்பதற்கான அளவு. மார்கழி விடியலில் நம்மூரில் இருபது டிகிரியை ஒட்டி இருக்கும். வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் திறப்பதைப் பார்க்க இருட்டோடு கிளம்புகிறவர்கள் மப்ளர் கட்டிக்கொள்வதே பழக்கத்தால்தான். நம் எதிரி கத்திரி வெயில். ஈய-அமில பேட்டரி சராசரியாகப் பத்து டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரித் துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற தோராய விதி. நாற்பது டிகிரி மே மாதத்தில், சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே மதியம் முழுக்க நிற்கும் வண்டியின் கறுப்பு சீட்டுக்கு அடியில் என்ன சூடு இருக்கும் என்று சீட்டில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்குத் தெரியும். சூட்டில் உள்ளே இருக்கும் தகடு அரிக்கிறது, தண்ணீர் வற்றுகிறது, சும்மா இருக்கும்போதே சார்ஜ் கசிவதும் வேகமாகிறது. ஆனால் அன்றைக்கு வண்டி எடுத்துவிடும். சூட்டில் பேட்டரிக்குச் சுறுசுறுப்பு அதிகம், இன்ஜின் ஆயிலும் இளகியிருக்கும். அடி பட்டது சித்திரையில், முனகல் கேட்பது மார்கழியில். பழி குளிர் மேல் விழுகிறது.

தண்ணீர் ஊற்றுகிற பழைய பேட்டரி இன்னும் சில வண்டிகளில் இருக்கிறது. அதில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றவேண்டும். பெருமாள் திருமஞ்சனத்துக்கு உகந்த காவிரித் தண்ணீர் பேட்டரிக்கு ஆகாது. அதில் கரைந்திருக்கும் உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்று வருவதில் தண்ணீர் ஊற்றும் வேலைதான் இல்லை. மாதக்கணக்கில் பாதி சார்ஜில் நிற்கவிட்டால் அதன் தகட்டிலும் சல்பேட் படிந்து இறுகும். இறுகியபின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலிமை திரும்பாது. முழுப் பேட்டரி நாலைந்து மணி நேரம் ஓய்ந்தபின் 12.6, 12.7 காட்டும். 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றவேண்டும். 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. வண்டியை நிறுத்திய உடனே அளந்து 13 இருக்கிறது என்று மகிழ்வது, சாப்பிட்டு முடித்ததும் எடை பார்க்கிற மாதிரி. காலையில், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் அளக்கவேண்டும்.

இப்போது செல்ஃப் சொல்கிற நான்கு பதில்கள். படபடப்பு என்றால் ரிலே ஒட்டுகிறது, மோட்டார் இழுத்ததும் வோல்டேஜ் சரிந்து ரிலே விடுகிறது, சரிவு நின்றதும் மறுபடி ஒட்டுகிறது. இதில்தான் ‘பேட்டரி டவுன்’ என்கிற தீர்ப்புக்குப் பெரும்பாலும் நியாயம் உண்டு. அப்போதும் பேட்டரி முனை தளர்ந்திருக்கிறதா, வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. பூத்ததை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, நட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் பாதி வண்டிகள் அங்கேயே எடுத்துவிடும்.

ஒற்றை ‘டிக்’ என்றால் மீட்டரைப் பேட்டரியில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தவேண்டும். 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் உள்ளே பிடித்துக்கொண்டிருக்கிறது. 12க்கு மேலேயே அசையாமல் நின்றால் பேட்டரி நிரபராதி; மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. ரிலேக்குள் இருக்கும் செம்பு முனைகள் கருகியிருக்கலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து எட்டாமல் போயிருக்கலாம், கேபிளோ எர்த்தோ விட்டிருக்கலாம். இதற்கு ஒரு அழகான சோதனை உண்டு. இதைச் செய்கிறவர்கள் குறைவு என்பது என் குறை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகடிவிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் வைத்து செல்ஃபை அழுத்துங்கள். இரண்டும் கம்பியால் இணைந்தவை, எனவே ஏறக்குறைய பூஜ்யம் காட்டவேண்டும். 0.2 வோல்ட் வரை மன்னிக்கலாம். ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் என்று காட்டினால் எர்த் வயரின் ஏதோ ஒரு முனையில் துரு. மோட்டாருக்குப் போகவேண்டியதை அந்தத் துரு தின்றுகொண்டிருக்கிறது. பெயின்ட் அடித்துப் புதுப்பித்த வண்டிகளில் இது சகஜம்; எர்த் போல்ட்டின் அடியிலும் சேர்த்து பெயின்ட் அடித்துவிடுகிறார்கள்.

சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் பெரிய வியாதி இல்லை. கில் ஸ்விட்ச் அணைந்திருக்கும், சைடு ஸ்டாண்டு போட்டிருக்கும், கிளட்ச்சோ பிரேக்கோ பிடித்தால்தான் எடுக்கும் வண்டியில் அந்தச் சின்ன ஸ்விட்ச்சில் மண் அடைத்திருக்கும், ஃபியூஸ் போயிருக்கும். படித்தவர்கள்தான் கில் ஸ்விட்ச்சில் அதிகம் ஏமாறுகிறார்கள். நான் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். மோட்டார் தனியே சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் அது ஒருவழி கிளட்ச்சின் தேய்மானம். இன்ஜின் பக்க மூடியைக் கழற்றும் வேலை, வயரிங் மெக்கானிக்கால் ஆவதில்லை.

பாலக்கரைப் பெரியவர் சொன்ன இன்னொன்று, ஆயுத பூஜை. முதல்நாள் ஊரில் உள்ள வாட்டர் வாஷ் கடைகளிலெல்லாம் வரிசை. பீய்ச்சி அடிக்கும் தண்ணீர் கப்ளர்களுக்குள்ளும் ஸ்விட்ச்சுக்குள்ளும் புகுகிறது. பிறகு சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். “பூசை முடிஞ்ச ரெண்டு வாரத்துல எனக்கு வேல கொட்டும்” என்றார். செம்பு முனையில் பச்சைக் களிம்பு ஏற அவ்வளவு நாள் போதும். களிம்பு தடையைக் கூட்டும், தடை சூட்டைக் கூட்டும், சூடு பிளாஸ்டிக்கை உருக்கும். என் மஞ்சள் வயருக்கு நேர்ந்தது இதுதான் என்பது அவர் கணிப்பு. எலி கடித்த வயர் அவரிடம் வருவது ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலிருந்துதானாம். உத்திர வீதிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம், நான் சொல்லவில்லை.

காயிலைச் சோதிக்க அவர் செய்வது மூன்று நிமிட வேலை. கப்ளரைப் பிரித்து, மஞ்சள் வயர் ஒவ்வொன்றுக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையில் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கக்கூடாது, இருந்தால் காயில் கருகி உடம்பில் ஒட்டிவிட்டது. பிறகு இரண்டிரண்டு மஞ்சளாக மூன்று ஜோடியிலும் தடை அளப்பார். ஒரு ஓமுக்குள், மூன்றும் ஒன்றுபோல இருக்கவேண்டும். கடைசியாக, இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. வோல்டேஜ். இங்கேயும் எண்ணைவிட சமம்தான் முக்கியம்: இரண்டு ஜோடி ஐம்பதைக் காட்டி மூன்றாவது இருபதைக் காட்டினால் காயில் பிளேட்டைக் கழற்றவேண்டியதுதான். மூன்றும் சமமாக நன்றாக வந்து, கப்ளரும் சுத்தமாக இருந்து, பேட்டரியில் மட்டும் 14 வரவில்லையென்றால் ஆர்.ஆர். யூனிட்டை மாற்றலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் பேட்டரி, பிறகு ஆர்.ஆர். யூனிட், கடைசியில் காயில் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்குப் பழுதுபார்ப்பது என்று பெயரில்லை. அது வாடிக்கையாளர் காசில் நடக்கும் குலுக்கல்.

ஊரில் புழங்கும் ஒரு வழக்கத்தை மட்டும் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி அணையாமல் ஓடினால் ‘சார்ஜ் வருது’ என்று முடிவு சொல்வது. ஆர்.எக்ஸ். 100 காலத்தில் அது பிழைத்துப்போன சோதனை. பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை வோல்டேஜின் ஏற்றத்தாழ்வை அதுதான் தாங்குகிறது. கழற்றிய நொடியில் வோல்டேஜ் துள்ளி ரெகுலேட்டரையும், பி.எஸ். 6 வண்டியின் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் பலிவாங்கலாம். பேட்டரியைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருள் அது. பேட்டரியின் இரண்டு முனைகளையும் வயரால் உரசி நெருப்புப் பொறி பார்ப்பதும் இதே ரகம். சார்ஜ் ஏறும்போது அங்கே ஹைட்ரஜன் வாயு வேறு இருக்கும்.

மெக்கானிக்குகளைக் குறைசொல்லி மட்டும் பயனில்லை. டி.வி.எஸ். டோல்கேட் என்று ஒரு கம்பெனியின் பெயரிலேயே பேருந்து நிறுத்தம் உள்ள ஊர் இது. அந்தக் குடும்பத்தின் லூகாஸ்-டி.வி.எஸ். 1960களின் தொடக்கத்திலிருந்து சென்னை பாடியில் வண்டிகளுக்கான மின்சாதனங்களைச் செய்துவருகிறது. லூகாஸ் என்ற ஆங்கிலேயப் பெயருக்கு அவர்கள் ஊரில் ‘இருளின் இளவரசன்’ என்று பட்டப்பெயர் உண்டு; பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விளக்கு திடீரென்று அணையும் லட்சணத்துக்கு ஓட்டுநர்கள் வைத்தது. இந்தியா நிப்பான் எலெக்ட்ரிக்கல்ஸ் ஓசூரிலும் புதுச்சேரியிலும் இருசக்கர வண்டிகளுக்கான மேக்னட், இக்னிஷன் பாகங்களைச் செய்கிறது. பொருள் நம் பக்கத்திலேயே பிறக்கிறது. அதன் வயரிங் படமும், எந்த முனையில் எத்தனை வோல்ட், எத்தனை ஓம் என்ற பட்டியலும் சந்துப் பட்டறைக்கு வந்து சேர்வதில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டகத்தை உருவாக்க 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தபோது, எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனமும் ஒன்று. ஒவ்வொரு வண்டிக்கும் அந்த ஒற்றைப் பக்கப் பட்டியலைத் தமிழில் வெளியிட்டாலே, பேட்டரிகள் பல பிழைக்கும் என்று நினைக்கிறேன்.

உண்மையிலேயே செத்த பேட்டரியை எடைக்குப் போடாதீர்கள். உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். 2001இலிருந்தே இதற்கு விதிகள் உண்டு. 2022இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெறுகிற பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதற்கு விலை குறைத்துக்கொள்வார்கள். அதற்கு முன் ஒரு தடவை லோடு டெஸ்டரில் போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. காட்ட மறுக்கிற கடையில் வாங்கவேண்டியதில்லை.

ஒரு சாதாரண மல்டிமீட்டரை முந்நூறு, நானூறு ரூபாய்க்கு வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இன்று காலை கிளம்புமுன் அளந்ததில் 12.7. பாலம் ஏறுமுன் மாம்பழச்சாலையில் நிறுத்தி, ஓடும் இன்ஜினில் அளந்ததில் 14.1. கடைக்காரர் ‘போச்சு’ என்று சொன்ன அதே இரண்டாவது பேட்டரிதான், மூன்றாம் வருடம் நடக்கிறது.